கடலைக் கழிப்பவள்

சம்பளச் சீட்டில் என் வேலைக்கு நீளமான பெயர்.
சீனிவாசபுரத்தில் யாராவது கேட்டால்
கடலைக் கழிக்கிறேன் என்பேன்.
'வேர்க்கடலையா?' என்றாள் செங்கேணி.
இல்லை, இதோ கத்துகிறதே, இது.

தரமணியில் இரண்டாம் மாடி.
ஏசி சொட்டும் அறை, ஒரு வாளி, இரண்டு திரை.
எங்கோ ஒரு நாட்டில்
நான்கு கிலோமீட்டர் குழாய்க்குள் ஒளி போய்த் திரும்புகிறது.
தூரம் நீண்டதா குறுகியதா என்று
இரவெல்லாம் எழுதி அனுப்புகிறது.
கீழ்ச்சுருதியில் முக்கால்வாசி கடல்தான்.
அந்த ஊர்க் கரையில் அலை மோதினால்
தரை அதிரும், கண்ணாடி நடுங்கும்.
லாரி போனாலும் நடுங்கும்.
ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டே வரவேண்டும்,
மீதம் ஏதும் உண்டா என்று.

செவ்வாய்க்கிழமை மீதம் இருந்தது.
ஐந்தில் ஒரு நொடி.
ஒலியாக மாற்றிக் கேட்டேன்.
குடம் நிறைந்து தண்ணீர் கழுத்துக்கு ஏறும்போது
சட்டென்று உயருமே ஒரு சத்தம்,
அதேதான்.

செங்கேணியிடம் இப்படிச் சொன்னேன்:
முப்பது சூரியனை எடுத்து
சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் அடை.
அதேபோல் இன்னொன்று.
இரண்டையும் ஒன்றையொன்று சுற்றவிடு,
கத்திப்பாராவில் வழி தவறிய இரண்டு லாரி மாதிரி,
வட்டம் சுருங்கச் சுருங்க, வேகம் கூடக் கூட.
கனம் சும்மா கிடந்தால் அலை இல்லை.
கனம் திசைமாறிச் சுழலும்போது இடமே கசங்குகிறது,
அந்தக் கசங்கல் வெளிச்சத்தின் வேகத்தில் புறப்படுகிறது.
கடைசியில் இரண்டும் மோதி ஒன்றாகும்.
கூட்டிப் பார்த்தால் அறுபது இல்லை,
ஐம்பத்தேழு.

'மூணு எங்க?'
மீன் ஏலம் விடுகிறவள், கேட்காமல் இருப்பாளா.
அந்த மூன்றுதான் அலை.

அவளுக்குத் தெரிந்த அலை வேறு.
காற்று தள்ள எழுவது,
அதே ஈர்ப்பு இழுக்க விழுவது.
அதற்குத் தண்ணீர் வேண்டும்.
தண்ணீரும் பெரிதாய்ப் பயணம் போவதில்லை,
கரைக்கு அப்பால் மிதக்கும் ஒற்றைச் செருப்பு
இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது.
இதற்குத் தண்ணீர் வேண்டாம், காற்றும் வேண்டாம்.
ஏறி இறங்குவது இடம்.
மோதி உடையக் கரையும் இல்லை,
பூமி குறுக்கே வந்தாலும் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கும்.
நூற்று முப்பது கோடி வருஷம் முன்பு கிளம்பியது.
அப்போது எந்தக் கடலிலும் ஒரு மீன்கூட இல்லை.
'அப்ப ஏலம் இல்ல,' என்றாள்.

செவ்வாய் மதியம் மூன்றேகாலுக்கு
அது எங்கள் தெருவையும் கடந்திருக்கிறது.
தண்ணி லாரி நின்றிருந்த நேரம்.
நீல, பச்சைக் குடங்கள் நீண்டு ஒடுங்கின,
அணுவின் கருவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.
கிழிந்த வலைக்காகத் தேசப்பனும் தம்பியும்
சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
இருவரும் நீண்டார்கள், ஒடுங்கினார்கள், நீண்டார்கள்,
சட்டையை விடவில்லை.

விடிகாலை மூன்று மணிக்கு வீடு திரும்பினேன்.
இரவு கடல் ஏறியிருக்கிறது.
செங்கேணியின் குளியலறைச் சுவர் இருந்த இடத்தில்
ஈரமணல், ஒரு குழாய், அதற்கப்புறம் நேராகக் கடல்.
கோப்பில் நான் கழித்துவிட்டு வந்த அதே அதிர்வு
காலடியில் தும் தும் என்றது.
சோப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.
போன வாரம்தான் வாங்கியதாம், மூடி போட்டது.
நான் டார்ச் பிடித்தேன்.