காரணம் என்கிற கட்டம்

புளியந்தோப்பில் நான் நிரப்பிய முதல் படிவத்தில்
ஏழாவது கட்டம்: காயத்துக்குக் காரணம்.
தேசம்மாள் அக்கா சொன்னதை அப்படியே எழுதினேன்.
விதி.

படிவம் திரும்பி வந்தது.
விதிக்குக் குறியீட்டு எண் இல்லை என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

மறுபடி போனேன். அக்கா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.
வலது கையில் முழங்கை வரை தோல்
மெழுகு வழிந்து உறைந்ததுபோல் இருந்தது.
அடுப்பு எங்கே இருந்துச்சு? தரையில.
திரி? வெளிய நீட்டிக்கிட்டு, ஒரு மாசமா.
மண்ணெண்ணெய் ஊத்தறப்ப அணைச்சீங்களா?
நிமிர்ந்து பார்த்தார்.
ஒரு குச்சிதான் இருந்தது, அணைச்சா எதுல ஏத்த?

கட்டம் போதவில்லை.
தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்.

ஆறு தெரு. எண்ணூற்றுப் பத்து வீடு.
கை தவறிடுச்சு, கால் வழுக்கிடுச்சு,
கண் இருட்டிடுச்சு.
எல்லாவற்றையும் உடம்பே செய்துகொள்கிறது இங்கே.
கைப்பிடி இல்லாத மாடிப்படி
ஒருநாளும் அந்த வாக்கியத்தில் வராது.
நான்தான் பிடித்து இழுத்து வர வேண்டும்,
எத்தனை படி, எந்தப் படி, பல்பு எரிந்ததா என்று.
சந்தேகப்பட்டு, போலீஸா நீ என்று கேட்டார்கள்.
இன்ஷூரன்ஸா என்றும்.

ஆடியில் மாஞ்சா நூல் ஒரு தபால்காரர் கழுத்தில்.
ஐப்பசியில் திறந்த மழைநீர்க் கால்வாய்.
கார்த்திகை ஒரு வெள்ளிக்கிழமை
யூசுப் வீட்டுச் சின்னவன் சம்ப்பில்.
ஒன்றே முக்கால் வயது.
லாரித் தண்ணீர் பிடித்துவிட்டு
தகரத்தை இழுத்து மூட மறந்த நேரம்
எவ்வளவு என்று படிவம் கேட்டது.
கேட்காமலே வந்துவிட்டேன்.

அந்த மாதம் அலுவலகத்தில் திரை கட்டிப் படம் காட்டினார்கள்.
இந்தியா முழுக்கப் புள்ளிகள்.
எங்கள் ஆறு தெருவும் சேர்ந்து ஒரு புள்ளி.
இது தேசியத் திட்டமாகும், என்றார் வந்திருந்த டாக்டர்,
டெல்லியில் விதிமுறைகள் எழுதுகிறார்கள்.
தேசம்மாள் அக்காவிடம் சொன்னேன்.
விதிய எழுதறதுக்கு ஆபீஸ் இருக்குதா, என்றார்,
சிரிக்காமல்.

சத்துணவுக் கூடத்தில் கூட்டம் போட்டோம்.
துண்டுப் பிரசுரத்தில் நிலக்கடலை மடித்தார்கள்.
அக்காதான் எழுந்து கேட்டார்:
படிக்கிறது இருக்கட்டும், மூடி எப்ப?

வெல்டர் கன்னியப்பன் இரும்பில் பதினெட்டு மூடி செய்தார்,
கூலி பாதி, கடன் பாதி.
பொங்கலுக்குள் ஏழு காணாமல் போயின.
பழைய இரும்புக்கடையில் கிலோ என்ன விலை என்று
எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எங்களைத் தவிர.
பிறகு சிமென்ட். கைப்பிடிக்கு டயர்த் துண்டு.
ஒரு குழந்தை தூக்க முடியாத கனம்,
ஒரு பெண் நகர்த்தக்கூடிய கனம்.
மூன்று தடவை அச்சு மாற்றியது இதற்குத்தான்.
டெல்லிக்கு அனுப்பும் அறிக்கையில்
டயர்த் துண்டை எந்தத் தலைப்பில் போடுவது
என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

புதிய படிவம் வந்திருக்கிறது.
ஏழாவது கட்டம் இப்போது அரைப் பக்கம்.

நேற்று லாரி போனபின் பார்த்தேன்.
யூசுப்பின் மகள் நஸ்ரின்
செங்கல் துண்டால் தெருவில் பாண்டிக் கட்டம் போட்டிருக்கிறாள்.
ஐந்தாவது சரியாக அவர்கள் வீட்டு மூடிமேல் விழுந்திருக்கிறது.
ஒற்றைக் காலில் அதன்மேல் நின்று
சில்லை எடுக்கக் குனிகிறாள்.
மூடி லேசாகக் கடகடக்கிறது.

பையை இறக்கி வைத்துவிட்டு
சந்தில் செருக ஒரு சிராய் தேடுகிறேன்.