வயல் காலியாக உள்ளது

ஏ-ஒன்பது வீதியால் பஸ் போனால்
எங்கள் கந்தோரின் கண்ணாடி நடுங்கும்.
கீழே உரக்கடை.
மேலே மூன்று பேர், ஒரு மின்விசிறி,
நம்ப முடியாத மின்சாரம்.

நெற்காப்புறுதிக்கு ஒரு தளம் செய்கிறோம்.
கிளிநொச்சியில் இருந்து
கிளிநொச்சிக் கமக்காரருக்கு
முதலில் ஆங்கிலத்தில் எழுதுகிறேன்.
பிறகு அதில் இருந்து தமிழை மீட்க
ஒரு செருகி பூட்டுகிறேன்.
சிரிக்காதேங்கோ.
எல்லா ஊரிலும் இப்படித்தான் பில்ட் ஓடுகிறது.

செருகி நல்ல வேலையாள்.
பக்கம் பக்கமாய்ப் போகும்.
மேற்கோளுக்குள் படுத்திருக்கும் சொல்லைத்
தட்டி எழுப்பும்.
வெளியே கூட்டிவந்து வரிசையில் நிறுத்தும்,
இலக்கம் கொடுக்கும்.
வரிசையும் இலக்கமும்
எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை.

நான் குறியிட்டதை மட்டும் எடுக்கும்,
குறியிடாததைத் தாண்டிப் போகும்.
தர்சிகனின் அக்கா முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிறவ.
கேட்டுவிட்டுச் சொன்னா:
"எங்களுக்கு அப்பிடியில்லை.
குறியில்லாத இடத்திலதான் வேலையே."

'வெளியேறு' என்ற பொத்தானை
இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்தேன்.
கடைசியில் 'விடைபெறு' என்று மாற்றினேன்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்தால்
செருகி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சிக்கனம்.
படிவத்தில் நிரப்புகிற கட்டமும்
ஆங்கிலத்தில் ஃபீல்ட்தான்,
நெல் நிற்கிற நிலமும் ஃபீல்ட்தான்.
இரண்டும் இரண்டு பக்கத்தில் இருந்து வந்து
கோப்பில் ஒரே வரியில் நின்றன.
கரண்ட் போக முன்னம் என்ற அவசரத்தில்
'வயல்' என்று அடித்தேன்.

பில்ட் பச்சை காட்டியது.
சரங்கள்: நானூற்றுப் பன்னிரண்டு.
விடுபட்டவை: பூச்சியம்.

மூன்றாம் நாள் போன்.
இராமநாதபுரத்துச் சோதிலிங்கம்.

"பிள்ளை, உங்கட இதில
சிவப்பா ஒண்டு எழுதிக் கிடக்கு,
வயல் காலியாக உள்ளது எண்டு.
ஆர் வந்து பாத்தது?
விதைச்சு முப்பத்தெட்டு நாள்.
மூண்டு ஏக்கர். ஆட்டக்காரி.
முழங்காலளவு நிக்குது, வந்து பாருங்கோ."

"ஐயா, அது உங்கட போன் நம்பர் எழுதுற கட்டம்…"

"கட்டமோ?
பிறகேன் வயல் எண்டு போட்டனீங்கள்?
முந்தியும் ஒருக்கா
காலி எண்டுதான் ஒரு பேப்பரில எழுதினவை.
அதைத் திருத்த ஆறு வருசம்
கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினனான்."

போனுக்குள் ஒரு மயில் அகவியது.
இணைப்பைத் துண்டிக்காமல்
துரத்தப் போய்விட்டார்.
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
சூ, சூ என்ற சத்தம்,
தண்ணீருக்குள் கால் வைக்கும் சத்தம்,
பிறகு வெறும் காற்று,
என் கணக்கில் இருந்து காசு கரைந்தபடி.

அன்றிரவு அமைப்புக் கோப்பைத் திறந்து
சூழல் பார்த்துப் பிரிக்கச் சொன்னேன்.
ஒரு சொல், இரண்டு சாவி.
சாவியோடு ஒரு குறிப்பும் வைக்கலாம்,
மொழிபெயர்க்கிறவருக்கு
செருகி அதையும் காவிக்கொண்டு போகும்.
என்ன எழுதுவது?
நிலம், பயிர்ச்செய்கை, பெயர்ச்சொல்
என்று தொடங்கி அழித்தேன்.
எழுதினேன்: இது மண் உள்ளது.

சரங்கள்: நானூற்றுப் பதின்மூன்று.

சிங்களம் பார்க்கிற தில்ருக்ஷி
அநுராதபுரத்தில் இருந்து
இரவு பதினொன்றுக்குப் பதில் போட்டாள்.
விளங்கியதாம்.
அவர்களுக்கும் இரண்டு ஏக்கர் இருக்கிறதாம்,
கபிலத்தத்தி விழுந்திருக்கிறதாம்.
அங்கே குளம் எப்படி என்று கேட்டிருந்தாள்.

இரணைமடுவில்
நேற்று இரண்டு கதவு திறந்தவர்கள்
என்று எழுதி அனுப்பினேன்.
குறியிடவில்லை.