ஆரியங்காவு மழைக்கணக்கு

கணவாயின் இந்தப் பக்கம் நனைகிறது.
அந்தப் பக்கம் புளியரையில் வெயில்.
ஏன் என்று ஒருவர்
நாற்பத்தொரு வருஷம் அளந்தார்.
ஞானாபரணம்.
லண்டன் சங்கம் பதக்கம் தந்தது.
வாங்கப் போகவில்லை, அது மழை மாதம்.

அவருடைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றுகிறேன்,
பக்கத்துக்கு மூன்று ரூபாய்.
அங்குலம், சென்ட், காற்றின் திசை.
ஒரு நாள்கூட விடுபடவில்லை என்று
அவர் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்கள்.
உண்மைதான், விடுபடவில்லை.

கொல்லம் ஆயிரத்து ஐம்பத்தெட்டு, மிதுனம் பதினான்கு.
இலக்கங்கள் திடீரென்று தமிழில்.
௪. ௭. வால் நீண்ட ௯.
பால் கணக்கு எழுதிப் பழகிய கை,
கட்டத்துக்குள் நிற்கத் தெரியாத கை.
ஓரத்தில் ஒரே வரி:
"அவுக படுத்திருக்காக."

சர்ச் பதிவேட்டில் தேடினேன்.
மேரி சொர்ணம். வயது ஆறு. காய்ச்சல்.
அடக்கம், மிதுனம் பதிமூன்று.

அப்படியானால் மறுநாள் காலை ஆறு மணிக்கு
அன்னபாக்கியம்
அட்டை ஏறும் மேட்டில் ஏறி,
புனலைக் கழற்றி, குப்பியைச் சரித்து,
கண் மட்டத்துக்குப் பிடித்திருக்கிறாள்.
யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

பதினெட்டாம் நாள் அளவுக் குழாய் உடைந்தது.
எப்படி என்று எழுதவில்லை.
பிறகெல்லாம் அவுன்ஸ்.
பிள்ளைக்கு மருந்து ஊற்றிய சின்னக் கிளாஸ்தான்
வீட்டில் இருந்திருக்கும்.
௪௭ என்று ஒரு நாள்.
நாற்பத்தேழு தடவை நிரப்பி,
நாற்பத்தேழு தடவை கொட்டி,
கொட்டும் மழையில் எண்ணிக்கை தப்பாமல்.

சரித்திரம் எழுதியவர்
அந்த ஒன்பது நாட்களையும்
'நம்பத்தகாதவை' என்று அடிக்குறிப்பில் தள்ளிவிட்டார்.

இருபத்துமூன்றில் அவர் கையெழுத்து திரும்புகிறது.
பேனா தாளைக் கிழித்திருக்கிறது.
அவளுடைய எதையும் அவர் அடிக்கவில்லை,
திருத்தவும் இல்லை.
மாதக் கூட்டுத்தொகையைப் பார்த்தேன்,
மனம் கேட்காமல் நானே கூட்டிப் பார்த்தேன்:
அவுன்ஸை அங்குலமாக்கிச் சேர்த்திருக்கிறார்.
ஒரு சென்ட் பிசகவில்லை.

இதைத் தவிர அந்த வீட்டைப் பற்றி
எனக்கு ஒன்றும் தெரியாது.
பேசிக்கொண்டார்களா, சாப்பிட்டார்களா,
அந்தக் கிளாஸ் எங்கே போனது.

மென்பொருளில் 'அளந்தவர்' என்றொரு கட்டம்.
தட்டினால் ஒரே பெயர் விழுகிறது.
இன்னொன்று சேர்க்க மனு போட வேண்டும்.
போட்டிருக்கிறேன்.
காரணம் என்ற இடத்தில்
நெடுநேரம் யோசித்து,
'கையெழுத்து வேறு'
என்று மட்டும் எழுதினேன்.