அளவுகோல்

சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்து ஐந்தாம் மாதம்
நகரசபை கடிதம் போட்டது:
மார்ச் கடைசி ஞாயிறு வாக்கெண்ண வரவும்,
வராவிட்டால் தண்டம்.
குடியுரிமையின் முதல் ருசி இதுதான் போல.

லாங்கன்தாலில் சில நடைபாதைகள்
தெருவைவிட இடுப்பளவு உயரம்.
முந்தி ஆறு பெருகினால்
தெருவாலேயே திறந்துவிடுவார்களாம்,
சனம் மேலே நின்று பார்க்குமாம்.
அன்று நானும் மேலால்தான் போனேன்,
சப்பாத்து நனையாமல்.

நீள மேசை. ரப்பர் விரலுறை.
பக்கத்தில் லூத்தி, ஓய்வுபெற்ற தபால்காரர்,
வாக்குகளைச் சீட்டுக்கட்டாய்த் தட்டி அடுக்குகிறார்.

இங்கே வாக்கு வெறும் புள்ளடி அல்ல.
பட்டியலில் பிடிக்காத பெயரை வெட்டலாம்.
பிடித்ததை இரண்டு தரம் எழுதலாம்.
அயல் கட்சிக்காரனையும் கூட்டி வந்து
உன் பந்தியில் இருத்தலாம்.

ஒன்பதாம் இலக்கம்:
யதுர்ஷினி கனகலிங்கம், 1991, தாதி.
பெட்டிக்குள் அடங்காமல் கடைசி எழுத்து
கோட்டில் ஏறி நிற்கிறது.

எனக்கு அவளைத் தெரியும்.
ரயில் நிலைய உணவகத்தில் கோப்பை கழுவியவரின் மகள்.
ஒன்பது வயதில் தாயோடு டாக்டரிடம் போய்
கர்ப்பப்பை என்ற சொல்லை
இரண்டு மொழியிலும் ஒரே நாளில் கற்றவள்.
மாசி முழுக்கச் சனிக்கிழமைகளில்
கடை வாசலில் நின்று அப்பிள் கொடுத்தாள்,
அப்பிளோடு ஒரு துண்டுக் காகிதம்.
ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்,
பிள்ளைகள் அல்ல.
இரவுத் தாதி உடை மாற்றும் நேரமும் வேலைநேரம்.
தொழிற்பேட்டைக்கு நாலு நாற்பதுக்கு ஒரு பஸ்.
"எடுங்கோ மாமா" என்றாள். எடுத்தேன்.
நல்ல இனிப்பு.

ஆனால் கனகலிங்கம்,
தொண்ணூற்றெட்டில் சீட்டுப் பிடித்து
என்ர நாலாயிரத்து எழுநூறு பிராங்கோடு
பேச்சையும் நிறுத்தின மனிசன்.

எண்ணுகிறோம்.
யாரோ அவளை இரண்டு தரம் எழுதி
இரண்டு தரமும் பிழையாய் எழுதியிருக்கிறார்.
"ஆள் விளங்குது, செல்லும்" என்றார் லூத்தி.
விவசாயிகள் பட்டியலில், மாட்டுப் பண்ணைக்காரர் இருவருக்கு நடுவில்,
நடுங்கும் பென்சிலில், அவள்.
அவளிடம் மருந்து வாங்கிக் குடித்த கையாயிருக்கும்.
வெட்டியவர்களும் உண்டு,
அலை அலையாய், அவசரமாய்.

பிறகு அந்தத் தாள்.
பச்சைப் பேனை. அளவுகோல் வைத்து இழுத்த கோடு,
தொடக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு.
பேனை என் மகளுடையது.
அளவுகோலும்தான்.

"ஒழுங்கான ஆள்" என்றார் லூத்தி.
தலையாட்டினேன்.
வெட்டியவற்றின் மேல் வைத்தேன்.

இரவு எட்டுக்கு முடிவு வந்தது.
பத்தொன்பது வாக்கால் வென்றாள்.
இருபதாய் இருந்திருக்கும்.

செப்டெம்பரில் பேர்ண் மாநில சபையில்
அவளுடைய முதல் பிரேரணை, அந்த பஸ்.
வேலையிடத்துச் சாப்பாட்டறையில்
தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துப் பார்த்தேன்.
இந்த ஊர்ப் பால்காரன் பேசுகிற ஜெர்மனில் பேசினாள்.
செலவு என்றார் ஒருவர்.
சைக்கிள் உடம்புக்கு நல்லது என்றார் இன்னொருவர்.
கடைசியில் "ஓட வேண்டும்" என்பதை
"ஓடலாமா என ஆராய வேண்டும்" என்று மாற்றச் சொன்னார்கள்.
கொஞ்ச நேரம் கீழே பார்த்தாள். சம்மதித்தாள்.
எண்பத்தொன்றுக்கு எழுபத்தாறு.
இரண்டு வருடத்தில் அறிக்கை வரும்.

கனகலிங்கத்தை மரக்கறிக் கடையில் கண்டேன்.
முருங்கைக்காயை முறித்து முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"மகள் நல்லாப் பேசினா" என்றேன்.
இருபத்தேழு வருடத்தில் முதல் வசனம்.
"பஸ் வரேல்லையே" என்றார்.
காசைப் பற்றி அவரும் எடுக்கவில்லை.

நாலேகாலுக்குச் சைக்கிளை உருட்டுகிறேன்.
பனிமூட்டம். உயர்ந்த நடைபாதையில் ஓட்டக்கூடாது,
கீழே, தெருவால்தான்.
தொழிற்பேட்டைத் தரிப்பிடத்தில் நேர அட்டவணை:
முதல் பஸ் ஐந்து முப்பத்திரண்டு.
அதற்கு மேலே ஒரு வரி இடம் கிடக்கிறது.
தினமும் பார்க்கிறேன்.
பச்சைப் பேனை இப்போதும் என் சட்டைப்பையில்.