டீச்சர் நம்பர்

வட்டார அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு
வாங்கிவந்த படத்தில் எட்டுப் பேர்.
டாக்டர், நர்ஸ், போலீஸ், தபால்காரர்,
தீயணைப்பு வீரர், விவசாயி, தையல்காரர், ஆசிரியர்.
‘நமக்கு உதவுவோர்’ என்று மேலே கொட்டை எழுத்து.
சுவரில் ஆணி இறங்கவில்லை.
அரிசி மூட்டைக்கு மேலே ஜன்னல் கம்பியில் கட்டினேன்.

‘உங்க அம்மா இதுல எங்க இருக்காங்க?’
கேட்டிருக்கக் கூடாது.
இருபத்தோரு பிள்ளைகளும் எழுந்துவந்து தேடின.
ஒருத்தி அம்மா தீப்பெட்டி ஒட்டுகிறாள்.
ஒருவன் அப்பா கைலி நெய்கிறார்,
இன்னொருவன் அப்பா பெங்களூர் லாரியில் கிளீனர்.
நஸ்ரின் அம்மாவுக்குப் பீடி.
‘ரோடு பெருக்குற அக்கா எங்க டீச்சர்?’ என்றான் கிஷோர்.
அந்த அக்கா அவன் அம்மா.
படத்தில் தெரு சுத்தமாகத்தான் இருந்தது,
யாரும் பெருக்காமலே.

பழைய காலண்டரின் முதுகில்
ஒன்பதாவது ஆளை வரைந்தோம்.
பிள்ளைகள் கொடுத்த துடைப்பம்
தீயணைப்பு வண்டியைவிடப் பெரிது.

அடுத்த பாடம் நெருப்பு.
குடியாத்தத்தில் நின்று தீக்குச்சியைத் தொடாதே என்பது
உப்பளத்தில் நின்று உப்பைத் திட்டுவது மாதிரி.
‘தீக்குச்சி கெட்டதா டீச்சர்?
எங்க வீட்ல அதுலதான் சோறு’ என்றாள் யாழ்மதி.
உரசாத வரைக்கும் சோறு,
உரசுவது பெரியவர்கள் வேலை என்றேன்.
அவள் தலையாட்டினாள்.
எனக்குத்தான் ஒப்பவில்லை.

மழை விட்ட காலையில் கம்பி அறுந்து கிடந்தால்
பாம்பென்று நினைத்துத் தள்ளி நில்லுங்கள்.
‘பாம்புன்னா எங்கண்ணன் குச்சியால தூக்குவான்!’
உவமையை அங்கேயே திரும்பப் பெற்றேன்.

அப்புறம், தொலைந்துபோனால்.
பேர், தெரு, அம்மா பேர், போன் நம்பர்.
எப்படிச் சொல்வதென்று காட்ட
என் நம்பரைப் பலகையில் எழுதினேன்.
பத்து எண்களையும் வாய்ப்பாட்டு ராகத்தில்
இரண்டு வாரம் பாடினோம்.
சத்துமாவு உருண்டை பிடிக்கும்போதுகூட.

வைகாசி முதல் நாள். கெங்கையம்மன் சிரசு.
ஊரும் சுற்றூரும் கவுண்டன்யா ஆற்று மணலில்.
கால்வலிக்கு வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு நான் வீட்டில்.
தெரியாத நம்பர்.
‘டீச்சர், நான் தொலஞ்சிட்டேன்.’
வருகைப் பதிவுக்கு உள்ளேன் சொல்கிற அதே குரல்.
‘யாரு போன்மா இது?’
‘ஒம்போதாவது அக்காவோடது.’
பின்னால் கிஷோர் அம்மா:
‘துடைப்பத்தப் புடிச்சவ விடமாட்டேங்குறா டீச்சர்,
இந்த நம்பரப் பாடிக்கிட்டே இருக்கா.’

பக்கத்திலேயே போலீஸ் நின்றாரே என்று
பிறகு கேட்டேன்.
போலீஸ் உயரமாக இருந்தாராம்.
அக்கா குனிந்திருந்தாளாம்.

நடுராத்திரிக்குள் இன்னும் மூன்று அழைப்பு.
பலூன்காரர் போனிலிருந்து ஒன்று,
உதவி மையப் பந்தலிலிருந்து ஒன்று.
நஸ்ரின் மட்டும் தொலையவில்லை.
வீட்டிலிருந்து, அம்மா போனில்,
நம்பர் வேலை செய்கிறதா என்று பார்த்தாளாம்.

ஈரக் காலோடு பதிவேட்டைப் பிரித்து
ஒவ்வொரு அம்மாவையும் தேடிச் சொன்னேன்.
நான் கற்றுக்கொடுத்தது அத்தனையும் சரி,
ஒன்றைத் தவிர:
அவரவர் நம்பரை.

விடுமுறை முடிந்து மறுபடி ஆரம்பித்தோம்.
இருபத்தோரு நம்பர், இருபத்தோரு ராகம்.
யாழ்மதி அம்மா வருஷத்தில் மூன்றாவது சிம் மாற்றிவிட்டாள்,
குடை கட்டி ஓசியில் தருகிறார்களாம்.
ராகம் வந்து சேர்வதற்குள் நம்பர் போய்விடுகிறது.

சமையலறையில் சிக்னல் இல்லை,
வேறு நம்பருக்கு மாறச் சொல்கிறான் மகன்.
பார்க்கலாம் என்கிறேன்.
ராத்திரி போனைத் தலைமாட்டில் வைக்கிறேன், சத்தத்தோடு.

கடன் வேண்டுமா மேடம் என்று
எந்த ஊரிலிருந்தோ கூப்பிடுகிற பெண்ணிடமும்
முதலில் கேட்டுவிடுகிறேன்:
‘எங்க நிக்கிற, கண்ணு?’