ஏழாவது வாய்க்கால்

பள்ளத்தாக்கில் பதினோரு வாய்க்கால்கள்.
ஏழாவது எங்களுடையது.
மண்வெட்டி பிடித்தது என் கணவர்,
அளவுக் கயிறு பிடித்தது நான்.
சதுப்பு வடிந்த முதல் வருஷம்
உருளைக்கிழங்கு ஒவ்வொன்றும் முஷ்டி அளவு.
கபாலே சந்தையில் விற்ற காசில்
கூரைக்குத் தகரம் போட்டோம்.
இதைச் சொல்லாமல்
மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

ஆறாம் வருஷம்
காய்ந்த கறுப்பு மண்ணில் ஒரு பீடித்துண்டு விழுந்து
நிலம் ஒன்பது நாள்
உள்ளுக்குள்ளேயே புகைந்தது.
மலையடி ஊற்றில்
மஞ்சள் கேன் நிறைய ஒரு மணி நேரம்.
வரிசையில் நின்றே என் மகள் ஓரிஷாபா
பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை
மனப்பாடம் செய்துவிட்டாள்.

கூட்டம் போட்டோம். மறுபடி போட்டோம்.
அடைக்கத்தான் வேண்டும் என்றார்கள் எல்லோரும்,
அடுத்தவன் வாய்க்காலில் தொடங்கி.
பன்றி வளர்க்கும் முபாங்கிசி
பேச்சின் நடுவில் எழுந்து போய்த்
தன்னுடையதில் மூங்கில் அறைந்தார்.
அந்தச் சத்தத்தில் கூட்டம் கலைந்தது.
மாதக் கடைசியில் பதினொன்றும் அடைபட்டன.

நான் சங்கச் செயலாளர்.
தீர்மானம் என் கையெழுத்தில் இருக்கிறது:
அடைப்பைத் திறப்பவருக்கு
ஓர் ஆடு அபராதம்.

நவம்பர் மழையில் தண்ணீர் ஏறியது.
என் கிழங்குக்கு இன்னும் பதினெட்டு நாள் தேவை.
டார்ச்சுகூட எடுக்காமல் போனேன்.
மூன்று மூங்கிலை உருவினேன்.
கணுக்காலை இடித்துக்கொண்டு ஓடிய தண்ணீர்
என்னை யாரென்று கேட்கவில்லை.

மறுநாள் நோட்டில் எழுதினேன்:
'ஏழாவதை யாரோ திறந்திருக்கிறார்கள்.'
முபாங்கிசி அதைப் படித்தார்.
பிறகு என் செருப்பைப் பார்த்தார்.
எங்கள் மலை முழுக்கச் செம்மண்;
கறுப்புச் சேறு ஓரிடத்தில்தான் உண்டு.

ஒரு வார்த்தை பேசவில்லை.
சாயங்காலம் ஆறு பேர் கூடையோடு வந்தார்கள்.
பிஞ்சிலேயே தோண்டினோம்,
கோலிக்குண்டு அளவு,
வேகவைத்தால் தோல்தான் மிஞ்சும்.
இருட்டுவதற்குள் அடைப்பை மூடினோம்.
ஆட்டை நானே இழுத்துப் போய்
அவர் பட்டியில் கட்டினேன்.
வழியெல்லாம் கத்திற்று.

இப்போது கோரை ஆளுயரம்.
பாய்க்கு விலை சுமார்தான்.
கெளுத்தி வந்திருக்கிறது, கொசுவும் வந்திருக்கிறது.
வயல் போன இடத்தைப் பார்த்தால்
இன்றைக்கும் வயிறு ஒருமுறை புரளும்.
ஊற்றில் கேன் நிறைய
ஏழு நிமிஷம்.

ஓரிஷாபாவுக்குப்
பதின்மூன்றாம் வாய்ப்பாடு
இன்னும் வரவில்லை.