நிற்கும் ரயிலுக்கான அட்டை

புதன்கிழமை என்றால் வாஷி.
ஜி.டி.பி. நகரில் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன்.
நிறைமதி எண்ணுவதில்லை, ஒப்பிக்கிறாள்,
அறிவிப்புக் குரலுக்கு அரை நொடி முந்தி,
அதே மராத்தியில், அதே மூக்கொலியில்:
புடில் ஸ்டேஷன், சுனாபட்டி.

சுனாபட்டி தாண்டியதும் அன்று
ரயில் நின்றது.

குர்லாவில் தண்டவாளம் தண்ணீருக்குள்.
யாரோ சொன்னார்கள், யாரோ போனில் சொன்னதை.
மின்விசிறிகள் ஓய்ந்தன.
எதிர் இருக்கையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள்
தொடர்ந்து உரித்தாள்.

குர்லா வரவேண்டிய இடத்தில் குர்லா வரவில்லை.
இவள் வாய் புடில் என்று தொடங்கியது,
புடில் என்று தொடங்கியது,
புடில் என்று.
பிறகு நகங்கள், பிறகு என் துப்பட்டா,
பிறகு அந்த ஓசை.
அதை எழுத எந்த மொழியிலும் எழுத்தில்லை.

பெட்டி முழுக்க அறிவுரை.
அடம் என்றது ஒரு குடை.
இந்தியில் ஒருத்தி, குஜராத்தியில் ஒருத்தி.
ஓர் அறை விடு என்பது மட்டும்
எல்லா மொழியிலும் எனக்குப் புரிந்துவிடுகிறது.
இவளுக்கு ஆட்டிசம் என்று
மராத்தியில் சொல்லப் பழகி வைத்திருந்தேன்.
அன்று வாயில் வரவில்லை.

நானும் சொன்னவள்தான், நான்கு வருடம்,
ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல.
குக்கர் கூவும்போது ஒண்ணுமில்ல.
வகுப்பில் நாற்காலி இடம் மாறியபோது ஒண்ணுமில்ல.
உடம்பு மொத்தமும் இருக்கிறது என்று அலற
பெற்றவள் இல்லை என்றால்
யாரை நம்பும் ஒரு பிள்ளை,
தன் நெஞ்சையா, என்னையா?

அதனால் இப்போது குறைவாகப் பேசுகிறேன்.
ரயில் நின்னுருச்சு. பயமா இருக்கு. ஆமா.
நான்காவது வாக்கியம் வேண்டாம்.
என் குரலே அவளுக்கு இன்னொரு கூட்டம்.

கல் அறுப்பவர்கள் மாட்டும் ஆரஞ்சு காதுமூடி,
லோஹார் சாலில் இசக்கி பேரம் பேசி வாங்கியது,
அதை நீட்டினேன். மாட்டிவிடவில்லை, நீட்டினேன்.
துணியில் தைத்த இரண்டு கிலோ அரிசியை
அவள் மடியில் வைத்தேன்.
தொடவில்லை. தொட்டால் எரிகிறது என்று
ஒருமுறை அவளே வரைந்து காட்டியிருக்கிறாள், சிவப்பில்.

என் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.
அதையும் எழுதிவிடுகிறேன்.
அவள் பயத்தைவிட
பூண்டுக்காரியின் பார்வைக்கு நான் அதிகம் பயந்தேன்.

பையில் அன்றைய நாள் இருந்தது, படப்படமாக:
பல், குளியல், தோசை, ரயில்,
கடல்பாலம், வாஷி டீச்சர், ரயில், வீடு.
நிற்கும் ரயிலுக்கு அட்டை போடவில்லை நான்.
மும்பையில் இருபது மழைக்காலம் கண்டவள்,
போடவில்லை.

டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்தேன்.
ஒரு பெட்டி, கீழே நெளிநெளியாய்த் தண்ணீர்,
ஓரத்தில் ஒரு கடிகாரம், முள் இல்லாமல்.
எப்போது கிளம்பும் என்று எனக்குத் தெரியாது.
தெரியாது என்பதையும் வரையத்தானே வேண்டும்.

நெடுநேரம்.
பூண்டு ஒரு பை முடிந்திருந்தது.
காதுமூடி எப்போது காதுக்கு ஏறியது, கவனிக்கவில்லை.
ஒரு விரல் டிக்கெட்டின் மேல் வந்து நின்றது.
கதவு, என்றாள்.
பெட்டிக்கு நான் ஒரே கதவு போட்டிருந்தேன்.
பேனாவைப் பிடுங்கி இரண்டாவதை வரைந்தாள்,
நடுக்கம் இன்னும் தீராத கோட்டில்.

ஒன்றேகால் மணி கழித்து ரயில் ஊர்ந்தது.
புடில் ஸ்டேஷன், குர்லா என்ற குரலுக்கு
யாரும் முந்தவில்லை.
அரிசிமேல் கன்னம் வைத்துத் தூங்கியிருந்தாள்.
வாஷி போகவில்லை.

டிக்கெட் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழ்.
காலையில் எடுத்துத் தன் நாளுக்குள் அவளே ஒட்டுகிறாள்,
ரயிலே ஏறாத ஞாயிற்றுக்கிழமையும்,
குளியலுக்கும் தோசைக்கும் நடுவே
நின்றுபோன ஒரு ரயில்.
அது வராத நாட்களில்
இரவு கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கிறாள்.

எனக்கும் ஒன்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
மூன்று கதவு போட்டுத் தந்தாள்.